பதினோரு ஜெர்சிக்காரரின் பதில்கள்

போன இதழில் என் பழைய டிரங்குப் பெட்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதில் நான் கூடைப்பந்து ஆடிய பதினோரு ஜெர்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அணி, இப்படி அணி மாறி அணி மாறி ஆடும் என்னைப் போன்ற ஆட்டக்காரரை இங்கிலீஷில் ‘ஜர்னிமேன்’ என்பார்கள் என்று. அவ்வளவுதான். மலைக்கு இந்தப் பக்கம் தேனியிலிருந்தும் அந்தப் பக்கம் இடுக்கியிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. புதிய விதிகளைப் பற்றிய கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த வாரம் முழுக்க இதற்கே.

ஜர்னிமேன் என்றால் ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்று அர்த்தமா?
– கல்லூரி மாணவர், குமுளி

நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதே பிழைப்பாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. விஷயம் வேறு. பிரெஞ்சு மொழியில் ‘ஜூர்’ என்றால் நாள். அந்த வேரிலிருந்து வந்த சொல் இது. அந்தக் கால ஐரோப்பாவில் தச்சரிடமோ கொல்லரிடமோ எடுபிடியாகச் சேர்ந்து, தொழிலைப் படித்து முடித்தவன், சொந்தமாகப் பட்டறை போட வழியில்லாமல் இன்னொருவர் பட்டறையில் நாள் கூலிக்கு நிற்பான். அவன்தான் ஜர்னிமேன். கையில் தொழில் இருக்கும், பட்டறை இருக்காது.

நம் பக்கத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பத்திலோ கூடலூரிலோ ரோட்டில் வந்து நின்றால் போதும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். என் அம்மா இருபது வருஷம் அந்த ஜீப்பில் போனவர். நாளைக்கு எந்தத் தோட்டம் என்பது முதல் நாள் ராத்திரிதான் தெரியும். “யாரு தோட்டமா இருந்தா என்ன, செடி ஒண்ணுதானே” என்பார். ஜர்னிமேன் ஆட்டக்காரருக்கும் ரிங் எங்கே போனாலும் ஒரே உயரம்தான், 3.05 மீட்டர். சுற்றி நிற்கிற ஆட்கள்தான் மாறுவார்கள்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் என்றால் அமெரிக்காவின் இஷ் ஸ்மித். உயரம் ஆறடி. அந்த நாட்டின் பெரிய தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அது குள்ளம். 2010-ல் கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது அவரை ஒருவரும் எடுக்கவில்லை. அப்புறம் ஹூஸ்டனில் நுழைந்தார். அங்கிருந்து மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தார். மொத்தம் 13 அணி. என்.பி.ஏ. வரலாற்றில் வேறு யாரும் அத்தனை அணிக்கு ஆடியதில்லை. அதற்கு முன்னால் ஜோ ஸ்மித், ஜிம் ஜாக்சன், சக்கி பிரவுன், டோனி மாஸன்பர்க் என்று நாலு பேர் 12 அணியோடு நின்றிருந்தார்கள். இஷ் ஸ்மித்தின் பதின்மூன்றாவது அணி டென்வர். அந்த அணி 2023-ல் முதல் தடவையாகக் கோப்பையை வென்றது. வென்ற அணிக்காரர்களுக்குத் தரும் மோதிரம் அவருக்கும் ஒன்று கிடைத்தது.

பதினோரு அணி என்றால் எங்கேயும் ஒத்துப்போகவில்லை என்றுதானே பொருள்? சண்டைக்காரரோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உத்தமபாளையம்

சார், பதினைந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சண்டை போட்டேன். அதுவும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக.

1997-ல் மதுரையில் கல்லூரி அணி. அப்புறம் கோவையில் ஒரு மில் அணி. விளையாட்டுக்குச் செலவு செய்வது போதும் என்று மில்லுக்கே தோன்றிவிட்டது. சென்னையில் ஒரு துறை அணியில் ஸ்டைபண்டு, அதாவது வேலை இல்லாமல் மாதப் படி மட்டும். கோட்டயத்தில் கிளப், பெங்களூரில் கிளப், சித்தூரில் ஒரு சீசன், வளைகுடாவில் ஒரு கம்பெனி அணிக்கு நாலு மாதம். மீதியெல்லாம் ஒரு டோர்னமென்ட், இரண்டு டோர்னமென்ட் என்று கெஸ்ட்டாகப் போன இடங்கள். நான் போன இடமெல்லாம் இன்னொருவரின் காலியிடம். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆளைப் பாயிண்ட் கார்டு என்பார்கள்; அந்த அணியின் பாயிண்ட் கார்டுக்கு மூட்டு போயிருக்கும், லீவு கிடைத்திருக்காது, ஒரு தடவை கல்யாணம். அவர் திரும்பி வந்ததும் நான் பையைக் கட்டுவேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

பெட்டியில் இருக்கும் ஜெர்சிகளைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அந்தக் காலத்து சர்வதேச விதிப்படி ஜெர்சியில் 4 முதல் 15 வரைதான் எண் போடலாம். 1, 2, 3 எல்லாம் நடுவர் விரலை நீட்டிப் புள்ளியைக் காட்டுவதற்கு. குழப்பம் வந்துவிடும் என்று விட்டுவைத்திருந்தார்கள். தைக்கிறவர்கள் சின்ன எண்ணைச் சின்ன ஆளுக்கும் 14, 15-ஐ நெடிய ஆளுக்கும் தைப்பார்கள். கடைசியாக வந்து சேர்கிறவனுக்கு மிச்சம் இருப்பதுதான். ஐந்தடி பத்தரை அங்குலம் இருந்த எனக்கு ஏழு அணியில் கிடைத்தது 15. அரைக்கால் சட்டைக்குள் அதைத் திணித்தால் தொடை வரைக்கும் போகும். கோட்டயத்தில் கொடுத்த ஜெர்சியின் முதுகில் முந்தைய ஆட்டக்காரர் பெயர் அச்சடித்திருந்தது. அதன்மேல் வெள்ளை பிளாஸ்திரியை இரண்டு வரிசையாக ஒட்டி என் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதினார்கள். வேர்த்ததும் பிளாஸ்திரி ஒரு ஓரத்தில் பிய்ந்து தொங்கும். இரண்டாவது பாதியில் நான் அவராகத்தான் ஆடிக்கொண்டிருப்பேன். அவர் பெயரைச் சொல்லியே ஜனங்கள் எனக்குக் கைதட்டியிருக்கிறார்கள், திட்டியும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதாமே? பத்து நாளில் ஒரு ஆள் என்னத்தைக் காட்ட முடியும்?
– ஜீப் ஓட்டுநர், கம்பம்

இருக்கிறது அண்ணே. என்.பி.ஏ.வில் ஜனவரி 5-ந் தேதிக்கு மேல் ஓர் அணி ஒருவரைப் பத்து நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பத்து நாளில் மூன்று ஆட்டம்கூட இல்லையென்றால் மூன்று ஆட்டம் முடியும்வரை. பிடித்திருந்தால் இன்னொரு பத்து நாள். மூன்றாவது பத்து நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். கூலியாள் விஷயத்தில் நம் ஊரில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் விதி எழுதி நான் பார்த்ததில்லை.

பத்து நாளில் என்ன காட்ட முடியும் என்றால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டை ஆட்டிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். புரூஸ் போவன் என்று ஒருவர். பிரான்ஸிலெல்லாம் ஆடியவர். 1996-97 சீசனில் மயாமி அணிக்காகக் களத்தில் நின்றது மொத்தமே 1 நிமிடம். அதே ஆள் பிற்பாடு சான் அன்டோனியோ அணியில் எதிராளியின் சிறந்த வீரரைக் கட்டிப்போடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு 2003, 2005, 2007 என்று மூன்று கோப்பை வென்றார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆண்ட்ரே இங்க்ராம். என்.பி.ஏ.வுக்குக் கீழே ‘ஜி லீக்’ என்று ஒன்று உண்டு. அதில் பத்து வருஷம் ஆடினார். சம்பளம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். தலை நரைத்துவிட்டது. 2018 ஏப்ரலில், சீசனில் இரண்டே ஆட்டம் பாக்கி இருக்கும்போது லேக்கர்ஸ் அணி அவரைக் கூப்பிட்டது. வயது 32. ஹூஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 19 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த ஐந்தில் நாலு உள்ளே. அவர் எறியும்போது கவனியுங்கள்: பந்து கைக்கு வருவதற்கு முன்பே முட்டி மடங்கி, கால் இரண்டும் தயாராக இருக்கும். பத்து வருஷமாக யாரும் பார்க்காத ஹாலில் செய்துகொண்டிருந்த அதே எறிதான்.

ஜெரமி லின்னையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு அணிகள் அவரை வேண்டாம் என்று விட்டன. நியூயார்க் அணி எடுத்தது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாததால் வீடு பிடிக்காமல் சோபாவில் படுத்திருந்தார். 2012 பிப்ரவரி 4-ந் தேதி ஆள் பற்றாக்குறையில் இறக்கினார்கள். 25 புள்ளி. அந்த மாதம் முழுக்க உலகமே அவர் பேரைத்தான் சொன்னது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பையன்களைக் கெடுக்கிறார்கள் என்பது என் கட்சி. சோபாவில் படுத்து அப்படியே வீட்டுக்குத் திரும்பினவர்களின் பட்டியலை யாரும் எழுதுவதில்லை.

மலையாளிகள் அணியில் நீங்கள் ஒரே தமிழர். பேச்சு எப்படி ஓடியது?
– வாசகர், வண்டிப்பெரியாறு

நம் பக்கத்து ஆளுக்கு மலையாளம் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும், அதனால் சமாளிக்கலாம் என்றுதான் போனேன். பாதி தெரிந்த மொழி தெரியாத மொழியைவிட ஆபத்து. முதல் ஆட்டம். எதிரணி எறிந்தது ரிங்கில் பட்டு மேலே எழும்புகிறது. எங்கள் கோச் வெளியிலிருந்து “சாடெடா, சாடு!” என்று கத்துகிறார். சாடு என்றால் நமக்கு என்ன? மோது, அடி. நானும் விசுவாசமாகப் பக்கத்தில் நின்றவன்மேல் தோளை வைத்து ஒரு மோது மோதினேன். விசில். ஃபவுல். மலையாளத்தில் சாடு என்றால் குதி. அவர் என்னைக் குதித்துப் பந்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் நாகர்கோவில் நண்பர் இதைக் கேட்டுவிட்டு “எங்க ஊர்லயும் சாடுன்னா குதிதான்லே, ஒனக்குத் தமிழே தெரியல” என்றார்.

மொழி போகட்டும். ஆட்டத் திட்டம் இருக்கிறதே, அதுதான் பெரிய தலைவலி. ஒவ்வொரு அணிக்கும் பத்துப் பதினைந்து செட், அதாவது முன்கூட்டியே பழகிவைத்த நகர்வுகள், இருக்கும். கையை மடக்கிக் காட்டினால் ஒன்று, தலையைத் தொட்டால் ஒன்று. இருக்கிறவர்கள் அதை ஆறு மாதம் பழகியிருப்பார்கள். நான் காலையில் பஸ்ஸில் இறங்கி ராத்திரி ஆட வேண்டும். அதிலும் நான் பாயிண்ட் கார்டு; மற்ற நாலு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். கோட்டயத்தில் இறங்கியதும் கேப்டன் என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். புட்டும் கடலைக் கறியும் வந்தது. அவர் என் தட்டிலிருந்து ஐந்து கடலையை எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். புட்டு உதிர்ந்து கிடந்த இடம் ரிங். “இது நீ. இவன் ஸ்கிரீன் வைக்கும். நீ இந்த வழி வரணும். இவன் அப்போ ஓபன்.” ஸ்கிரீன் என்றால் எதிராளியின் வழியை மறித்து நிற்பது. ஒரு செட் முடிந்ததும் கடலைகளை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த ஐந்தை எடுப்பார். எட்டு செட் அப்படித்தான் படித்தேன். கடைசியில் என் தட்டில் வெறும் குழம்புதான் மிச்சம். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவைதான் தப்பாக நின்றேன்.

இந்த வேலைக்கு ஒரு தந்திரம் உண்டு, இலவசமாகச் சொல்கிறேன். புது அணியில் முதல் ஐந்து நிமிடம் பந்தை எறியவே எறியாதே. கொடுத்துக்கொண்டே இரு. யார் வலது கைக்குக் கேட்கிறான், யார் ஓடிக்கொண்டே வாங்குகிறான், யாருக்கு நெஞ்சுக்கு நேராக வந்தால்தான் பிடிக்கத் தெரியும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவனுக்குப் பிடித்த மாதிரி இரண்டு பந்து கொடுத்துவிட்டால் அவன் உன் பெயரைக் கேட்பான்.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஆறடி மூன்று அங்குலம். கூடைப்பந்துதான் வாழ்க்கை என்கிறான். அவன் அப்பா ஏலக்காய்க் கடைக்கு வா என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஓர் அம்மா, போடிநாயக்கனூர்

அம்மா, முதலில் ஒரு கசப்பான கணக்கு. ஆறடி மூன்று போடியில் பெரிய உயரம். மாநில அணிக்குத் தேர்வு நடக்கிற இடத்தில் அது நடுத்தரம். அங்கே ரிங்குக்கு அடியில் நிற்கிறவர்கள் ஆறு எட்டு, ஆறு பத்து என்று இருப்பார்கள். உங்கள் பையன் பள்ளிக்கூட அணியில் அடியில் நின்றே பழகியிருந்தால் அங்கே போய் அவனுக்கு வேலை இருக்காது. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு தலையைத் தூக்கி ஓட வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேலே பேசலாம்.

இரண்டாவது, நம் நாட்டில் இந்த ஆட்டத்தை வைத்துச் சோறு சாப்பிடுவது என்றால் அது வேலை வாய்ப்புதான். ரயில்வே, ராணுவம், வங்கிகள், வருமான வரித் துறை, போலீஸ், கேரளத்தில் மின்சார வாரியம். காலையில் ஆபீஸ் கையெழுத்து, மாலையில் பயிற்சி, அறுபது வயதுவரை சம்பளம். தனியார் லீக்குகளும் வந்தன. 2015-ல் யு.பி.ஏ. என்று ஒன்று ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுபோனது. 2022-ல் ஐ.என்.பி.எல். என்று ஆறு ஊர் அணிகளோடு ஒன்று வந்தது. சென்னைக்கும் கொச்சிக்கும் அதில் அணி இருந்தது. வந்தால் ஆடட்டும், நல்லதுதான். அதை நம்பி வீட்டு லோன் வாங்க வேண்டாம்.

இப்போது என் கதை. சென்னையில் நான் ஸ்டைபண்டில் ஆடியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், தங்க ஒரு கட்டில். அணியைப் பார்த்துக்கொண்ட அதிகாரி என் தோளில் கை போட்டு, “அடுத்த வருஷம் உனக்கு வேலை ஆர்டர் நிச்சயம் தம்பி” என்றார். அடுத்த வருஷமும் அதே வார்த்தை, அதே கை. இந்த மாதிரி விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளில், ரயில்வே மாதிரி இடங்களில், பொதுவாக 18 முதல் 25 வயது வரைதான் எடுப்பார்கள். எனக்கு 25 முடிந்த மாதம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. மூன்று வருஷம் அவர் சொன்னதில் ஒரு வரிகூட என்னிடம் காகிதத்தில் இல்லை. நடுவில் இன்னொரு இடத்திலிருந்து விண்ணப்பம் போடச் சொன்னார்கள். இவர்தான் சொல்லிவிட்டாரே என்று நான் போடவில்லை. அந்த ஆள் கெட்டவர் என்று இன்றும் நினைக்கவில்லை. அவருக்கு ஒரு பாயிண்ட் கார்டு தேவைப்பட்டது. முட்டாள்தனம் என்னுடையது.

அதனால் பையனிடம் சொல்லுங்கள். எங்கே ஆடினாலும் ஆடட்டும், விண்ணப்பம் எல்லா இடத்துக்கும் போகட்டும். கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு வாங்கட்டும், டிகிரியை முடிக்கட்டும். பல்கலைக்கழக அணி, மாநில அணி சான்றிதழ்கள்தான் வேலைக்கு எண்ணிக்கை. உள்ளூர்க் கோப்பைகள் அலமாரிக்கு அழகு. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் இந்தக் காகிதம்தான். இன்னொன்று, சான்றிதழைப் பாசத்தில் லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்பக்கம் சீல் வைக்க வேண்டும் என்று ஒரு குமாஸ்தா கேட்டு, நான் அவர் மேஜையிலேயே உட்கார்ந்து பிளேடால் உரித்திருக்கிறேன்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. இருபத்தைந்து வயதுவரை ஆட விடுங்கள். ஏலக்காய்க் கடை எங்கேயும் ஓடிப்போகாது, இவன் முட்டி ஓடிப்போகும்.

வெளிநாட்டு லீக்குகளில் ஆடும் அமெரிக்கர்களுக்கு நல்ல சம்பளம் என்கிறார்களே?
– வாசகர், நெடுங்கண்டம்

பலருக்கு நல்ல சம்பளம்தான். வந்து சேர்ந்தால். பல நாடுகளில் அணிக்கு இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்தான் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ‘இம்போர்ட்’ என்பார்கள், சரக்கு மாதிரி. பிலிப்பைன்ஸில் 1975-லேயே தொழில்முறை லீக் தொடங்கிவிட்டார்கள், ஆசியாவிலேயே முதல். அங்கே சில போட்டிகளில் அணிக்கு ஒரு இம்போர்ட், அவருக்கும் உயர வரம்பு. அளவுகோலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆட விடுவார்கள். உயரம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட எனக்கு, உயரம் கூடிவிட்டது என்று ஒருவனைத் திருப்பி அனுப்புவதைக் கேட்டபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இம்போர்ட்டின் பிழைப்பு கொடுமையானது. உள்ளூர்க்காரன் மூன்று ஆட்டம் சொதப்பினால் பெஞ்சு. இம்போர்ட் இரண்டு ஆட்டம் சொதப்பினால் விமான டிக்கெட். அடுத்தவன் ஏற்கெனவே கிளம்பியிருப்பான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற, பழைய நாட்டுச் சங்கத்திடம் தடையில்லாக் கடிதம் வாங்க வேண்டும். கிளப்போடு தகராறு என்றால் அதிலேயே இழுத்தடிப்பார்கள். சம்பளம் தராமல் ஏமாற்றுவது அவ்வளவு சகஜமாகிவிட்டதால், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2007-ல் அதற்கென்று தனியாக ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. ஜெனீவாவில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைப் புரட்டாமல், எது நியாயம் என்று பார்த்து ஒரே நடுவர் தீர்ப்புச் சொல்வார். ஆனால் தகராறு வந்தால் இங்கேதான் போவோம் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மறுபடியும் காகிதம்.

வளைகுடாவில் எனக்கும் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. என் ஒப்பந்தம் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதியது. ஜெனீவாவுக்கு அதை அனுப்ப எனக்கே கூச்சமாக இருந்தது.

பெண்கள் இப்படிப் போக முடியுமா? நம் ஆட்கள் யாராவது என்.பி.ஏ. வரை போயிருக்கிறார்களா?
– கல்லூரி அணி வீராங்கனை, பீர்மேடு

பாப்பா, நீ இருக்கிற மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்து கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டுப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் வயநாட்டின் பி.எஸ். ஜீனாவும் அதே ரிங்வுட்டுக்குப் போய் ஆடினார். ஒருவர் திறந்துவைத்த கதவு அடுத்தவருக்கு அப்படியே இருந்தது. இதை நான் கீதுவின் கோப்பைகளைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆண்களில், பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015-ல் டல்லஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. தேர்வான முதல் இந்தியர் அவர்தான். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை, கீழ் லீக்கோடு சரி. அதே வருஷம் ஏப்ரலில், கனடாவில் பிறந்த சிம் புல்லர் சாக்ரமென்டோ அணியில் பத்து நாள் ஒப்பந்தத்தில் மூன்று ஆட்டம் ஆடினார். ஏழடி ஐந்து அங்குலம். மொத்தம் 2 புள்ளி. அப்புறம் தைவான் பக்கம் போய் நன்றாகவே ஆடினார்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள். டபிள்யூ.என்.பி.ஏ. சீசன் மே மாத வாக்கில் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும். அதனால் அங்கே நட்சத்திரமாக இருந்தவர்களே குளிர்காலத்தில் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் போய்க் கூலிக்கு ஆடினார்கள். சில பேருக்கு வெளியில் கிடைத்த சம்பளம் ஊரில் கிடைத்ததைவிட அதிகம். ஆண்களில் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் ஜர்னிமேன். பெண்களில் ராணியே ஜர்னிமேன்.

மருத்துவர், பிசியோ எல்லாம் உண்டா?
– வாசகர், சின்னமனூர்

துறை அணிகளில் இருந்தார்கள். கெஸ்ட்டுக்கு யார்? கொல்லத்துப் பக்கம் ஒரு டோர்னமென்ட்டில் எதிரணிக்காரன் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்கால் பிரண்டுவிட்டது. காலை ஆறு மணிக்குள் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிவிட்டது. ஐஸ் வேண்டும். லாட்ஜில் இல்லை. எதிரே மீன் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் மத்திப் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் வைத்தேன். வீக்கம் வடிந்தது, வாடை போகவில்லை. அன்று மாலை ஆட்டத்தில் என்னைக் காவல் காத்த எதிரணிக்காரன் இரண்டு அடி தள்ளியேதான் நின்றான். அந்த டோர்னமென்ட்டிலேயே எனக்கு அதிகப் புள்ளி அன்றைக்குத்தான்.

இப்போது வலது முட்டி படியிறங்கும்போது சத்தம் போடும். குமுளி பஸ்ஸில் வளைவுகளில் நின்றுகொண்டு போக முடியாது. அவ்வளவுதான் பாக்கி.

இப்போது என்ன செய்கிறீர்கள்?
– பலர்

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை பிள்ளைகளுக்குப் பயிற்சி. அப்புறம் மாமனாரின் திராட்சைத் தோட்டத்துக் கணக்கு. வருஷா வருஷம் மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். கேலரியில் உட்கார்ந்து, பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாதவனைப் பார் என்று நச்சரிப்பேன். பாதிப் பேர் ஐஸ்கிரீம்காரனைப் பார்ப்பார்கள்.

போடி அம்மா, பையனை ஒரு சனிக்கிழமை அனுப்பிவையுங்கள். முதல் பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும். புது ஷூ எல்லாம் வாங்க வேண்டாம். ஜெர்சி நம்மிடமே இருக்கிறது, 15-ஆம் நம்பர். அவனுக்குச் சரியாக இருக்கும்.